ஆட்டுக்குட்டிய கயோட்டி (நம்மூர் நரி மாதிரி இங்கத்த மிருகம்) தூக்குது, எந்த ரைபிள் வாங்கலாம்? (டெக்சாஸ், 14 ஏக்கர், பட்ஜெட் 1500 டாலர்)

வெள்ளாடு_வேலு:
வணக்கம்ங்க. ரெண்டு வருசமா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இப்ப வேற வழியில்லாம எழுதறேன். பூர்வீகம் தாராபுரம் பக்கம், வேல ஐடி தான், வீட்ல இருந்தே பாக்கறதால ஆஸ்டின விட்டுட்டு லாம்பசாஸ் பக்கம் 14 ஏக்கர் வாங்கி குடிவந்துட்டோம். போயர் கிராஸ் வெள்ளாடு 22 உருப்படி, கோழி கொஞ்சம். போன மாசத்துல மட்டும் மூணு குட்டி போச்சுங்க. ரெண்டு இருந்த இடமே தெரியல, மூணாவது நேத்து விடிகாலைல வேலி ஓரம் கெடந்துச்சு, பாதி தின்னு. ராத்திரி ஆனா ஊளைச் சத்தம், கேட்டா ஒரு இருபது நிக்கற மாதிரி இருக்கு, பக்கத்து பண்ணை பெரியவர் சிரிச்சிட்டு ரெண்டு இல்லன்னா மூணு தான் இருக்கும், அதுக குரலே அப்படித்தான்னாரு. (அவர் "கயோட்டி"ன்னு சொல்றதில்ல, "கயோட்". நான் கடைசில "டி" சேத்து சொன்னாலே டவுன்காரன்னு கண்டுபிடிச்சிடறாரு.)

கடைக்கு போனா ஒருத்தன் ஏஆர்-15 (தானா அடுத்த தோட்டா ஏறற செமி ஆட்டோ ரைபிள்) எடுன்றான், இன்னொருத்தன் 6.5 கிரீட்மோர் தோட்டா போடறத எடுன்றான், மூணாவது ஆளு 22-250 தோட்டா இல்லாம கயோட்டி பக்கமே போகாதன்றான். நான் துப்பாக்கி தொட்டது காலேஜ் என்சிசில .22 தான், அதும் படுத்துக்கிட்டு அஞ்சு ரவுண்டு. கிரீன் கார்டு போன வருசம் வந்துருச்சு. வீட்ல அம்மணிக்கு துப்பாக்கின்னாலே ஆகாது. என்ன வாங்கலாம், ஸ்கோப்பு, மத்த சாமானெல்லாம் என்ன வேணும், கொஞ்சம் சொல்லுங்க.

மதுரை_டு_மிட்லண்ட்:
வேலு, ரைபிள் அப்புறம். மொதல்ல அந்த மூணாவது குட்டிய பொதைச்சிட்டீங்களா? இல்லன்னா கையுறை மாட்டிக்கிட்டு கழுத்துத் தோல உரிச்சு பாருங்க. கயோட்டி அடிச்சா பெரும்பாலும் தொண்டையில தான் கடி இருக்கும், வெளிய சின்ன ஓட்டை தான் தெரியும், தோலுக்கு அடியில ரத்தம் கட்டி கன்னிப்போயிருக்கும். பக்கத்து வீட்டு நாய்னா கண்டபடி கடிச்சிருக்கும், தொடை, காது, வால்னு, அடிச்சிட்டு தின்னாமலே போயிடும். செத்துப்போன குட்டிய எது வந்து தின்னாலும் பாக்க ஒண்ணு மாதிரி தான் இருக்கும், ஆனா உசிரோட கடிபட்டா தான் ரத்தம் கட்டும். இத பாக்காம துப்பாக்கி வாங்குன பலபேர நான் பாத்திருக்கேன், கடைசில குத்தவாளி அடுத்த தெரு நாயா இருக்கும்.

வெள்ளாடு_வேலு:
பொதைக்கலைங்க, தீவனச் சாக்குல கட்டி வெச்சிருந்தேன். இப்ப தான் உரிச்சேன். தொண்டைக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை, உள்ள கருஞ்சிவப்பா உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டியிருக்கு. தொடைல கடியே இல்ல, வயித்து பக்கம் தான் தின்னிருக்கு. ஊர்ல எத்தனையோ ஆடு உரிச்சிருக்கேன், இது என்னமோ மனசு கேக்கல.

மதுரை_டு_மிட்லண்ட்:
சரி அப்ப கயோட்டி தான். இப்ப ரைபிள் பேசலாம், கொஞ்சம் நீளமா வரும், டீ போட்டுட்டு வாங்க.

கடைக்காரன் யாரும் உங்ககிட்ட கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, உங்க நெலம் எவ்வளவு நீளம்? 14 ஏக்கர்னா சரியான சதுரமா இருந்தா ஒரு பக்கம் 260 யார்டு தான்யா வரும். டெக்சாஸ்ல உங்க குண்டு அடுத்தவன் எல்லைக்குள்ள போனாலே குத்தம், அவன் எழுத்துல அனுமதி குடுத்திருந்தா தவிர. அப்ப நடுவுல இருந்து எந்தப்பக்கம் சுட்டாலும் 130, மூலையில உக்காந்து எதிர் மூலைக்கு சுட்டா தான் 350 ஐ தாண்டும். 6.5 கிரீட்மோர் எதுக்கு? அது நல்ல தோட்டா தான், 2007ல வந்ததுல இருந்து நீளதூரம் சுடறவங்க தலைல தூக்கி வெச்சு ஆடுறாங்க, ஆனா 13 கிலோ நரிக்கு, 200 யார்டு காட்டுக்கு, அது மொளகா அரைக்க ரோடு ரோலர்.

உங்களுக்கு .223 ரெமிங்டன் போதும். 55 கிரெய்ன் (குண்டோட எடைக்கணக்கு) குண்டு நொடிக்கு 3200 அடிக்கு மேல போகுது, 200 யார்டுக்கு ஜீரோ பண்ணி (அந்த தூரத்துல குறி சரியா விழற மாதிரி ஸ்கோப்ப திருப்பி) வெச்சீங்கன்னா 100ல ஒன்றரை ரெண்டு இஞ்சு மேல விழும், 250ல மூணு இஞ்சு கீழ. அதாவது 250 யார்டுக்குள்ள எங்க நின்னாலும் நெஞ்சு நடுவுல வெச்சு அழுத்த வேண்டியது தான், கணக்கே வேணாம். உதை கம்மி, புதுசா சுடறவன் கண்ண மூட மாட்டான். தோட்டா மலிவு, பழகறதுக்கு அது தான் முக்கியம்.

22-250 வேகம் 3600க்கு மேல, 1965ல ரெமிங்டன் கடைக்கு கொண்டுவர்றதுக்கு பல வருசம் முன்னாடியே ஆளுக வீட்டுலயே செஞ்சு சுட்ட தோட்டா, மேற்கு டெக்சாஸ் மாதிரி 300, 350 யார்டு தெறந்த வெளிக்கு நான் அது தான் வெச்சிருக்கேன். ஆனா பேரல் சீக்கிரம் சூடாவும், தேயும், தோட்டாவும் வெலை. .243 வின்செஸ்டர்னா மானுக்கும் ஆச்சு நரிக்கும் ஆச்சு, ஒரே ரைபிள்ல ரெண்டு வேலைன்னா அத பாருங்க, காத்துல கொஞ்சம் நல்லா நிக்கும். .204 ரூகர் ராக்கெட் மாதிரி, எனக்கு பிடிக்கும், ஆனா உங்க ஊர் சின்னக் கடைல தோட்டா எப்பவும் கெடைக்கும்னு சொல்ல முடியாது. .17 எச்எம்ஆர் வாங்கி நரி சுடலாம்னு எவனாச்சும் சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க, 17 கிரெய்ன் குண்டு, அது முயலுக்கு. கிட்ட வந்தா சாகும், தள்ளி நின்னா காயத்தோட போய் புதர்ல கெடந்து சாகும். அது பாவம்யா.

இன்னும் ரெண்டு விசயம். ஒண்ணு, பேரல்ல டிவிஸ்ட் (உள்ள வெட்டுன சுருள், எத்தன இஞ்சுக்கு ஒரு சுத்துன்னு) என்னன்னு பொறிச்சிருக்கும், பாருங்க. 12க்கு ஒரு சுத்துன்னா 55 கிரெய்ன் வரைக்கும் தான் நல்லா போகும், 8க்கு ஒண்ணுன்னா 77 வரைக்கும் தாங்கும். 8 அல்லது 9 எடுத்துக்கங்க. ரெண்டாவது, பேரல்ல .223னு மட்டும் எழுதியிருந்தா 5.56 தோட்டா போடாதீங்க. பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா 5.56ல அழுத்தம் ஜாஸ்தி, சேம்பர் (தோட்டா உக்கார்ற குழி) அளவும் வேற. 5.56 சேம்பர்ல .223 போடலாம், பிரச்சன இல்ல.

குண்டு: முனைல பிளாஸ்டிக் வெச்ச வர்மின்ட் குண்டு (தொல்லை குடுக்கற சின்ன மிருகத்துக்குன்னு செஞ்சது), வி-மேக்ஸ் மாதிரி. உள்ள போனதும் செதறிடும், தரையில பட்டாலும் பெரும்பாலும் ஒடைஞ்சிடும், தெறிச்சு எகிறி போறது கம்மி. மலிவா கெடைக்குதுன்னு முழு உலோக உறை போட்ட ராணுவ குண்ட நரிக்கு போடாதீங்க, ஊசி மாதிரி தொளைச்சிட்டு போயிடும், அங்கிட்டு யார் வீட்டு ஆடு நிக்குதோ.

தெர்மல்_தம்பி:
அண்ணே என்ன அண்ணே இப்டி பழைய காலத்து ஆளா இருக்கீங்க. வேலு ப்ரோ, கயோட்டி ராத்திரி தான் வரும், ராத்திரின்னா தெர்மல் (உடம்புச் சூட்ட படமா காட்டற ஸ்கோப்பு) தான். நான் ஹூஸ்டன் வெளில ஒரு ப்ரெண்டு நெலத்துல போறேன், 640 சென்சார், ஏஆர், சப்ரஸர் (சத்தத்த கொறைக்கற குழாய்), டிரைபாட், மிருகச் சத்தம் போடற ரிமோட் பெட்டி, ஹெட்செட், எல்லாம் செட்டா வெச்சிருக்கேன். சும்மா கேம் ஆடற மாதிரி இருக்கும். 400 யார்டுல வெள்ளையா பளிச்னு தெரியும் பாருங்க, அது ஒரு தனி ஃபீல்.

மதுரை_டு_மிட்லண்ட்:
தம்பி, வேலு பட்ஜெட் 1500. உன் ஸ்கோப்புல பாதி வெலை அது. எத்தன கயோட்டி அடிச்ச இது வரைக்கும்?

தெர்மல்_தம்பி:
ரெண்டு 😅

அண்ணே உண்மையச் சொல்றேன், சிரிக்காதீங்க. மூணாவது ஆயிருக்கும். 250 யார்டுல வெள்ளையா நாலு காலு ஓடி வருது, வாலு தொங்குது, சைஸ் கரெக்டா இருக்கு, நான் சேஃப்டி எடுத்துட்டேன், விரல் டிரிகர் மேல. பக்கத்துல நின்ன ப்ரெண்டு "இரு, நடை சரியில்ல"ன்னான். இன்னும் கிட்ட வந்ததும் பாத்தா பக்கத்து வீட்டு ஹீலர் நாய். கழுத்துல பட்டை இருந்துருக்கு, தெர்மல்ல எனக்கு அது தெரியவே இல்ல. வீட்டுக்கு போற வழில ஒரு அரை மணி நேரம் நான் பேசல. அதுல இருந்து ஸ்கேன் பண்றதுக்கு கைல தனியா ஒரு மோனாகுலர் (ஒத்தக் கண்ணுல பாக்கற தெர்மல்) வெச்சிருக்கேன், ரைபிள் முனைய வெச்சு தேடறத விட்டுட்டேன்.

மதுரை_டு_மிட்லண்ட்:
இத எழுதுனதுக்கே உனக்கு ஒரு சல்யூட். வேலு, இத நாலு தடவ படிங்க. தெர்மல்ல சூடு தெரியும், மூஞ்சி தெரியாது. குட்டி போட்ட ஆடு படுத்திருந்தா ஒரு வெள்ளை உருண்டை தான். கார் கண்ணாடி வழியா பாத்தா ஒண்ணுமே தெரியாது, கண்ணாடி அந்த சூட்ட உள்ள விடாது, அதனால வண்டிக்குள்ள ஏசி போட்டு உக்காந்து பாக்கலாம்னு கனவு காணாதீங்க. தெர்மல் வேணாம்னு சொல்லல, மொத வருசம் வேணாம்னு சொல்றேன். விடிகாலையும் பொழுது சாயறப்பவும் நரி வரத்தான் செய்யும்.

ஸ்கோப்: சாதா 3-9 (மூணுல இருந்து ஒன்பது மடங்கு பெருசா காட்டற) கண்ணாடி, 40 மில்லி லென்ஸ். காசு மிச்சமிருந்தா நல்ல கண்ணாடிக்கு போடுங்க, ரைபிள் 500 டாலர், ஸ்கோப் 400 டாலர்னா தப்பே இல்ல. நான் மொத தடவ 60 டாலருக்கு ஒண்ணு வாங்குனேன், பேர் வேணாம், விடியறதுக்கு முன்ன கால் மணி நேரம், நரி நடமாடற நேரம், உள்ள சாம்பல் பூசுன மாதிரி தான் தெரிஞ்சுச்சு. மவுண்ட் ஸ்க்ரூவ முறுக்கு அளவு காட்டற டார்க் ரெஞ்சு வெச்சு முறுக்குங்க, கை முறுக்கு நம்பாதீங்க.

யாழ்_ஒன்ராறியோ:
வணக்கம். நான் லண்டன் பக்கம் (ஒன்ராறியோ லண்டன்) சோளக்காணிகளுக்குள்ள வேட்டைக்குப் போறனான். கனடாவில இருந்து வாசிக்கிற ஆக்களுக்காக சிலது சொல்லுறன், ஏனெண்டா மேல சொன்னதை அப்பிடியே இஞ்ச செய்தா உள்ளுக்குப் போக வேண்டி வரும். ஏஆர்-15 2020 மே மாதத்தில இருந்து தடை. மற்ற செமி ஒட்டோ சென்டர்ஃபயர் ரைபிள் எண்டாலும் மகசினில 5 தோட்டா தான். ராத்திரி கயோட்டி வேட்டை ஒன்ராறியோவில இல்லை, சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் முன்னால இருந்து மறைஞ்சு அரை மணித்தியாலம் வரை தான், ஆனபடியால் தெர்மல் கதைக்கே இடமில்லை. முதலில பாதுகாப்பு கோர்ஸ், பிறகு பிஏஎல் (துவக்கு லைசென்ஸ்), அந்தப் படிவத்தில மனுசியின்ர கையெழுத்துக்கும் ஒரு இடம் இருக்கு. வேலு அண்ணைக்கு டெக்சாஸில அது தேவையில்லை, ஆனாலும் கேட்டுட்டு வாங்குங்கோ.

எங்கட பக்கத்துக் கயோட்டி கொஞ்சம் பெரிசு, ஓநாய் ரத்தம் கலந்தது, 18 கிலோவும் கண்டிருக்கிறன். நான் .243 போல்ட் அக்‌ஷன் தான், டிக்கா, பின்லாந்துக்காரன்ர வேலை. பத்தைக்குள்ள எண்டா 12 கேஜ் ஷொட்கன்.

இன்னொண்டு, முந்தி தோலுக்கு நல்ல காசு வந்தது. ரொறன்ரோவில எங்கட பெடியள் போட்டுக்கொண்டு திரிஞ்ச அந்த விலைகூடின ஜக்கெட்டின்ர தொப்பி ஓரத்து மயிர் கயோட்டியின்ரதான். கனடா கூஸ் 2021 இல உரோமம் வாங்கிறதை நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்ச பிறகு சந்தை விழுந்து போச்சு. இப்ப உரிக்கிற நேரத்துக்கும் காணாது.

எச்1பி_குமார்:
இடைல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் எச்-1பில இருக்கேன், டல்லாஸ். ப்ரெண்ட்ஸ் கூட துப்பாக்கி சுடற ரேஞ்சுக்கு போலாமா, ரைபிள் வாங்கலாமா? ஒருத்தன் முடியவே முடியாதுங்கறான், இன்னொருத்தன் ஹன்டிங் லைசென்ஸ் எடுத்தா போதுங்கறான்.

மதுரை_டு_மிட்லண்ட்:
ரெண்டு பேரும் பாதி சரி. பெடரல் சட்டப்படி வேல விசால இருக்கறவன் துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கவே கூடாது, வாடகைக்கு ரேஞ்சுல எடுக்கறதும் அதுல தான் வரும். ஆனா விலக்கு இருக்கு, அமெரிக்க மாநிலம் ஒண்ணு குடுத்த செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் கைல இருந்தா வாங்கலாம், வெச்சிருக்கலாம். துப்பாக்கி வாங்கறப்ப கடைல நிரப்பற 4473 படிவத்துலயே அதுக்கு கேள்வி இருக்கு, பொய் சொன்னா அது தனி கேஸ். இங்க தான் நம்மாளுக மாட்டறது: டெக்சாஸ் லைசென்ஸ் எப்ப எடுத்தாலும் ஆகஸ்ட் 31 ஓட முடியும். ஜூலைல எடுத்து செப்டம்பர்ல புதுப்பிக்காம விட்டா, ரைபிள் உன் அலமாரில சும்மா இருந்தாலும் நீ குத்தவாளி. விசா பக்கம் எங்க போய் நிக்கும்னு நானே சொல்லணுமா. வக்கீல் கிட்ட கேட்டுட்டு செய்ங்க, நான் வக்கீல் இல்ல.

வேலு உங்களுக்கு கிரீன் கார்டு, அந்த தொல்லை இல்ல. ஆட்ட அடிச்ச, அடிக்க வர்ற கயோட்டிக்கு டெக்சாஸ்ல லைசென்ஸே வேணாம், சீசனும் கெடையாது, வருசம் முழுக்க. ஆனாலும் ஹன்டர் எஜுகேஷன் பண்ணுங்க. 1971 செப்டம்பர் 2லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்களுக்கு லைசென்சுக்கு அது கட்டாயம், 17 வயசு ஆயிட்டா ஆன்லைன்லயே முடிச்சிடலாம். ராத்திரி சுடறதா இருந்தா கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்டத்த பாத்துக்கற அதிகாரி) ஒரு போன் போட்டு சொல்லிடுங்க, சத்தம் கேட்டு எவனாச்சும் போலீசுக்கு சொன்னா அவர் ராத்திரி 2 மணிக்கு அலைய வேண்டாம் பாருங்க.

மணிமேகலை_டூசான்:
இவ்வளவு நேரம் படிச்சேன். நான் வைல்ட்லைஃப் பயாலஜி படிச்சவ, அரிசோனால வேலை. சண்டைக்கு வரல, ஆனா ஒருத்தர் கூட வேலிய பத்தி கேக்கலையே? வேலு அண்ணா, ராத்திரி குட்டிங்கள எங்க அடைக்கறீங்க?

கயோட்டிய சுட்டு முடிச்சவங்க யாரும் இல்ல. ஃபெடரல் வைல்ட்லைஃப் சர்வீசஸ் மட்டுமே வருசத்துக்கு பல பத்தாயிரம் கயோட்டிய கொல்றாங்க, நூறு வருசமா நடக்குது, கயோட்டி இப்ப முன்ன விட அதிகமான இடத்துல இருக்கு. எண்ணிக்கை கொறஞ்சா மிச்சம் இருக்கறதுக்கு தீனி அதிகம், ஈத்து பெருசாகும், சாதாரணமா குட்டி போடாத எளசு கூட போடும். அத உண்மையா கொறச்சது ஓநாய் தான், யெல்லோஸ்டோன்ல 1995ல ஓநாய விட்டதும் லமார் பள்ளத்தாக்குல கயோட்டி பாதிக்கு பாதி போச்சு. கலிபோர்னியா ஹாப்லேண்ட் ஆராய்ச்சிப் பண்ணைல கயோட்டி கழுத்துல ரேடியோ பட்டை போட்டு பாத்தப்ப ஆட்ட அடிச்சது பெரும்பாலும் அந்த எல்லைய வெச்சிருந்த ஜோடிங்க தான், சுத்தித் திரியற எளசுங்க இல்ல. நீங்க அடிபட்ட முயல் மாதிரி விசில் ஊதி கூப்பிட்டா மொதல்ல வந்து சாவறது யாரு? அனுபவம் இல்லாத எளசு. ஆட்ட அடிச்ச பழைய ஜோடி தூரத்துல நின்னு பாத்துட்டு போகும்.

மதுரை_டு_மிட்லண்ட்:
தங்கச்சி சொல்றதுல தப்பில்ல, ஆனா குட்டி செத்துக்கிட்டு இருக்கறப்ப பாடம் எடுத்தா எப்படி. நான் நூறு நரி அடிக்கச் சொல்லல. அந்த ஒரு ஜோடிய அடிச்சா போதும்.

மணிமேகலை_டூசான்:
அதே தான் அண்ணா நானும் சொல்றேன், அந்த ஜோடிய. அதுவரைக்கும் குட்டிய அடைச்சு வைங்கன்னு சொல்றேன். துப்பாக்கி வேணாம்னு நான் எழுதின வரி ஒண்ணு காட்டுங்க.

வெள்ளாடு_வேலு:
ரெண்டு பேரும் எனக்காக தான் பேசறீங்க, சண்ட வேணாம்ங்க. அடைக்கறதில்ல, அது என் தப்பு தான். ஊர்ல எங்கப்பா சாயங்காலம் ஆனா பட்டில அடைச்சு படல சாத்தி, பட்டி நாய் ரெண்டு கெடக்கும், நரி பயம்னு இல்ல, அது வழக்கம். இங்க வந்து கம்பி வேலி தான் இருக்கேன்னு விட்டுட்டேன். அந்த கம்பி வேலில கீழ ஒரு இடத்துல மண்ணு அரிச்சு தலை நுழையற சந்து இருக்கு, நேத்து பாத்தேன், கம்பில முடி ஒட்டியிருக்கு.

மணிமேகலை_டூசான்:
அந்த முடி தான் உங்க மொத தடயம். சந்த அடைச்சு, வெளிப்பக்கம் தரைல இருந்து ஒரு சாண் உயரத்துல ஒரு மின்கம்பி இழுங்க, தோண்ட வர்ற மூக்குல படற மாதிரி. நாய்னா கிரேட் பிரனீஸ், அனடோலியன், இதெல்லாம் ஆட்டோடவே குட்டில இருந்து வளரணும், முழுசா நம்ப ஒன்றரை ரெண்டு வருசம் ஆகும், ராத்திரி பூரா கொரைக்கும், அக்கம்பக்கத்துக்கு சொல்லி வைங்க. ஒடனே வேணும்னா கழுதை. பொட்டைக் கழுதை ஒண்ணு, இல்லன்னா காயடிச்சது. ஒண்ணே ஒண்ணு போதும், ரெண்டு விட்டா அதுங்க ரெண்டும் ஜோடி சேந்து ஆட்ட மறந்துடும். ஆண் கழுதை வேணாம், குட்டிய மிதிச்சிடும்.

தெர்மல்_தம்பி:
கழுதைய விட்டு நரிய ஓட்டறதா 😂 ஊர்ல சொன்னா நம்புவானுங்களா

மதுரை_டு_மிட்லண்ட்:
சிரிக்காத தம்பி, எங்க பக்கம் பாதி பண்ணைல கழுதை நிக்குது. நாய் ஜாதின்னாலே அதுக்கு ஆகாது.

சரி கூப்பிடற விசயம். நம்மூர் பழமொழி, நரி இடம் போனா என்ன வலம் போனா என்ன மேல விழுந்து பிடுங்காம போனா சரின்னு. இங்க அப்படியே தலைகீழ், நரி இடம் போகுதா வலம் போகுதாங்கறது தான் எல்லாமே. அது சத்தத்த நோக்கி நேரா வராது, சுத்திக்கிட்டு காத்து போற பக்கம் போய் மோப்பம் பிடிக்கும். உங்க சோப்பு வாசன, சாம்பார் வாசன எல்லாம் அங்க தான் போகுது. அதனால காத்து உங்க ஒரு கன்னத்துல படற மாதிரி உக்காருங்க, அது சுத்தி வர்ற பக்கம் தெறந்த வெளியா இருக்கணும். சத்தம் போடற எலெக்ட்ரானிக் பெட்டின்னா உங்க கிட்ட வெக்காதீங்க, 40, 50 யார்டு தள்ளி வைங்க, அதோட கண்ணு அங்க போகும். வெயில் முதுகுக்கு பின்னால. முகத்துக்கு வலை. வண்டிக் கதவ படார்னு சாத்தாதீங்க, பாதி நரி அந்த சத்தத்துலயே போயிடும்.

வாயில ஊதற விசில் 20 டாலருக்கு கெடைக்கும், அடிபட்ட முயல் கத்தற சத்தம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்பாங்க, இங்க முயல் அழுவுதேன்னு நரி ஓடி வரும். ரெண்டு நிமிசம் ஊதி ரெண்டு நிமிசம் சும்மா இருங்க. மொத்தம் 20 நிமிசம். ஜனவரி, பிப்ரவரில இணை சேர்ற காலம், அப்ப முயல் சத்தத்த விட ஊளைக்கு தான் அந்த பெரிய ஜோடி எல்லைய காக்க வரும், தங்கச்சி சொன்ன பழைய ஜோடி அப்ப தான் மாட்டும். ஓடி வந்தா சுடாதீங்க, வாயாலயே "வொஃப்"னு ஒரு கொரைப்பு, நிக்கும். ரெண்டு செகண்டு. அது தான் உங்க நேரம். எங்க தாத்தா சொல்லுவாரு, நரிக்குறவங்க நரி மாதிரியே ஊளை விட்டு வரவழைப்பாங்களாம், பேட்டரி இல்லாம.

டிரைபாட் இல்லன்னா ரெண்டு கால் குச்சியாவது வாங்குங்க, கைல தாங்கி சுடாதீங்க. காதுக்கு எலெக்ட்ரானிக் மஃப், கண்டிப்பா. சப்ரஸர் டெக்சாஸ்ல ஆகும், 1934ல இருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1ல இருந்து பூஜ்யம், ஆனா படிவம், கைரேகை எல்லாம் அப்படியே தான். அடிச்சப்புறம் வெறுங்கையால தொடாதீங்க, சொறி, உண்ணி, வெறிநோய், எதுவும் இருக்கலாம்.

பழகறதுக்கு: நம்ம காபி டபரா வாய் அளவு ஒரு வட்டம் அட்டைல வரைங்க. நரியோட உயிர்நிலை சுமார் அவ்வளவு தான், மீதி எல்லாம் முடி. 200 யார்டுல உக்காந்த நெலைல நாலுக்கு நாலு அதுக்குள்ள விழற வரைக்கும் நரி மேல சுடாதீங்க.

வெள்ளாடு_வேலு:
(ஒன்பது வாரம் கழிச்சு)
எல்லாருக்கும் நன்றிங்க, சொன்னபடி வந்து எழுதறேன். பழைய சாவேஜ் கம்பெனி ரைபிள் ஒண்ணு .223, 9க்கு ஒரு டிவிஸ்ட், டிரிகர் லேசா நல்லா இருக்கு, நடுத்தர ஸ்கோப்பு, குச்சி, காது மஃப், வாய் விசில், இரும்பு அலமாரி எல்லாம் சேத்து 1300க்குள்ள முடிஞ்சுச்சு. அலமாரிக்கு சாவி ரெண்டு, ஒண்ணு அம்மணிகிட்ட, அது அவங்க போட்ட கண்டிசன்.

வேலி சந்த அடைச்சேன், மின்கம்பி இழுத்தேன், குட்டிய ராத்திரி பட்டில அடைக்கறேன். அதுல இருந்து ஒரு குட்டி கூட போகல. இத மொதல்ல சொல்லிடறேன்.

அஞ்சு நாள் உக்காந்து ஒண்ணும் கெடைக்கலைங்க. மூணாவது நாள் வந்துச்சு, எனக்கு தெரியல, எந்திரிச்சு திரும்புனா பின்னால இருபதடில நின்னு பாத்துட்டு இருக்குது, காத்து போற பக்கம், அண்ணா சொன்ன அதே இடம். மஞ்சக் கண்ணு. நானும் அதும் ஒரு மூச்சு நேரம் பாத்துக்கிட்டோம், அப்புறம் இல்ல. நேத்து விடிகாலை ஆறாவது தடவ, குளத்துக் கரை பின்னால மண்மேடு இருக்கற பக்கமா உக்காந்தேன். ஊளை விட்டேன், 11 நிமிசத்துல ரெண்டு வந்துச்சு, பெருசு முன்னால. "வொஃப்"னேன். நின்னுச்சு. சுட்டேன். எட்டி அளந்தா 171 தப்படி. அந்த எடத்துலயே விழுந்துருச்சு. ஆண், பல்லு தேஞ்சு போன கெழம், முன்னங்கால்ல பழைய தழும்பு. தூக்குனா நம்ம வீட்டு அரிசி மூட்டை எடை கூட இல்லைங்க. கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரமாச்சு. அம்மணி வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, கையுறைய கழட்டி வெளியவே போட்டுட்டு வாங்கன்னாங்க.

இன்னைக்கு ராத்திரி வடக்கு பக்கம் மறுபடி ஊளை. ஒத்தக் குரல் தான்.

மணிமேகலை_டூசான்:
பொட்டை. ஜோடி தேடுது. வேலி எப்படி இருக்குன்னு நாளைக்கு ஒரு சுத்து நடந்து பாருங்க அண்ணா.

வெள்ளாடு_வேலு:
பாக்கறேன் கண்ணு. கழுதையும் சொல்லி வெச்சாச்சு, சனிக்கெழம வருது.

தெர்மல்_தம்பி:
அண்ணே கழுதை வந்துட்டா அந்த சாவேஜ எனக்கு தள்ளிடுங்க, நல்ல வெலை தரேன்

வெள்ளாடு_வேலு:
இல்ல தம்பி. டபராக்குள்ள இன்னும் நாலுக்கு மூணு தான் விழுகுது.